செம்புறாங்கல் மேட்டில் ஒரு பள்ளிக்கூடம்: தாகூர் செய்த விவசாயம்

உங்கள் ஊரில் எந்தப் பயிரும் ஏறாத சரளை மேடு ஒன்று இருக்கும். ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த மேட்டில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்குங்கள் என்று பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் முதலில் எதைக் கேட்பீர்கள்? கட்டடம், சுற்றுச்சுவர், போர்வெல் என்றுதான் பட்டியல் போகும். 1901இல் வங்காளத்தில் ஒருவர் அப்படிப்பட்ட நிலத்தில் பள்ளி தொடங்கினார். பட்டியலில் கட்டடத்தைக் கடைசியில் வைத்தார். இருந்த மரங்களின் நிழலை வகுப்பறையாக்கினார். இல்லாத இடத்தில் மரம் வைத்தார். மழையையும் மண்ணையும் பாடமாக்கினார். அவர் ரவீந்திரநாத் தாகூர்.

நோபல் பரிசு வாங்கியவர், தேசிய கீதம் எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மகனை அமெரிக்காவுக்கு விவசாயம் படிக்க அனுப்பியவர், பரிசுப் பணத்தை விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கியில் போட்டவர், உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் என்பதெல்லாம் அதில் இருந்திருக்காது. இந்தப் பக்கத்தைப் படிக்கிற நமக்கு வேண்டியவர் அந்தத் தாகூர்தான்.

வராந்தாவில் சீத்தா விதை

தாகூர் பிறந்தது 1861 மே 7, கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில். பெரிய ஜமீன் குடும்பம். அப்பா தேவேந்திரநாத் பெரும்பாலும் பயணத்தில் இருப்பார். பிள்ளைகளை வளர்த்தது வேலைக்காரர்கள். அவர்களில் ஒருவர், சிறுவனைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சுலபமாக்க ஒரு வழி கண்டுபிடித்தார். தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். லட்சுமணன் போட்ட கோட்டைத் தாண்டியதால் சீதைக்கு நேர்ந்தது சிறுவனுக்குத் தெரியும். அதனால் அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஜன்னலுக்கு வெளியே ஒரு குளமும் அதன் கரையில் ஓர் ஆலமரமும் தெரியும். பொழுது முழுவதும் அதுதான் அவனுக்குப் படம்.

அந்த வீட்டு வராந்தாவின் மூலையில் சேர்ந்திருந்த புழுதியில் அவன் ஒரு சீத்தாப்பழ விதையை ஊன்றி வைத்தான். தினமும் தண்ணீர் ஊற்றி, முளை வந்துவிட்டதா என்று பார்த்தபடி இருந்தான். முதிய வயதிலும் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கான தோட்டத்தை யார் திட்டமிட்டாலும் இந்த வராந்தா மூலையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். தன் கையால் ஊன்றிய ஒரே ஒரு விதை குழந்தைக்குக் கொடுப்பதை, தோட்டக்காரர் பராமரிக்கும் அரை ஏக்கர் பூங்கா கொடுப்பதில்லை.

பள்ளிக்கூடம் அவனுக்கு ஒத்துவரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சில பள்ளிகளில் சேர்த்தார்கள். எதிலும் நிலைக்கவில்லை. பள்ளியில் கற்றதை வீட்டு வராந்தாவின் கம்பிகளிடம் காட்டினான். கம்பிகள்தான் மாணவர்கள், இவன் ஆசிரியர், கையில் பிரம்பு. கெட்டிக்காரக் கம்பி, மக்குக் கம்பி என்று பிரித்து, மக்குக் கம்பிகளைப் பெயிண்ட் உரியும் வரை அடிப்பான். பாடத்துக்கு முன்பே பிரம்பைப் பழகிக்கொண்டேன் என்ற பொருளில் பின்னாளில் அவரே இதை நினைவுகூர்ந்தார். பதினான்கு வயதுக்குள் பள்ளிப் படிப்பு ஏறக்குறைய முடிந்துபோனது.

நெல் வயலைத் தேடிய நகரத்துப் பையன்

1873இல் பூணூல் போட்ட கையோடு அப்பா அவனை இமயமலைக்கு அழைத்துப் போனார். வழியில் சில நாள் தங்கிய இடம் போல்பூருக்குப் பக்கத்தில் உள்ள சாந்திநிகேதன். கல்கத்தாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். போல்பூர் வீட்டைச் சுற்றி நெல் விளைந்து கிடக்கும், மாடு மேய்க்கும் பையன்களோடு விளையாடலாம், அங்கேயே அரிசி எடுத்துச் சமைத்துச் சாப்பிடலாம் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் ஆசை காட்டியிருந்தான். பதினொரு வயதாகியும் நெற்பயிரை நேரில் பார்த்திராத பையன் ஆவலோடு தேடினான். கண்ணுக்கு எட்டிய வரை வெட்டவெளி. நெல்லும் இல்லை, மாட்டுக்காரப் பையன்களும் இல்லை.

அந்த நிலத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுக்கோட்டை, வல்லம் பக்கம் போனவர்களுக்குச் செம்புறாங்கல் தெரியும். இரும்புச் சத்து இறுகிக் கட்டியான செம்மண். காய்ந்தால் கல், நனைந்தாலும் வேர் இறங்க இடம் கொடுக்காது. புளிப்புத் தன்மை அதிகம். போட்ட மணிச்சத்தில் பெரும் பகுதியை இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டுவிடும். பயிருக்குக் கிடைப்பது சொற்பம். பிர்பூம் மாவட்டத்தின் அந்த மேட்டு நிலமும் இதே இனம். ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, ஆனால் மரம் போன நிலத்தில் மழையே பகையாகிவிடும். மேலே இருக்கும் கெட்டித் தட்டு எங்காவது உடைந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியே அடியில் உள்ள மென்மையான மண்ணை அரித்துக்கொண்டு போகும். மேல் தட்டு சரியும். ஓடை பள்ளமாகும், பள்ளம் பள்ளத்தாக்காகும். இந்த அரிப்புப் பள்ளங்களுக்கு அங்கே கோவாய் என்று பெயர்.

விவசாயிக்குச் சாபமான அந்தக் கோவாய், வட்டத்துக்குள் உட்காரவைக்கப்பட்ட பையனுக்குத் திறந்த உலகமாக இருந்தது. பகல் முழுவதும் தனியாகச் சுற்றினான், யாரும் தடுக்கவில்லை. விதவிதமான கூழாங்கற்களைச் சட்டையில் கட்டிக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டுவான். அவர் குப்பை என்று தூக்கிப் போடவில்லை. அங்கிருந்த மண் மேட்டைக் கற்களால் அலங்கரிக்கும் வேலையை அவனிடமே கொடுத்தார். ஒரு பள்ளத்தின் அடியில் நீர் கசிந்து தெளிந்த குட்டையாக நிற்பதைப் பையன் கண்டுபிடித்துச் சொன்னதும், குடிக்கவும் குளிக்கவும் இனி அங்கிருந்தே தண்ணீர் எடுங்கள் என்று அப்பா உத்தரவு போட்டார். பிள்ளை கண்டுபிடித்ததைப் பெரியவர் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த பள்ளியின் விதை இந்தச் சில நாட்களில்தான் விழுந்தது என்பது என் எண்ணம்.

சாந்திநிகேதன் அப்பாவின் இடம். 1863இல் ராய்ப்பூர் சின்ஹா குடும்பத்திடமிருந்து 20 பிகா நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு வாங்கியிருந்தார். அப்போது சொல்லிக்கொள்ளும்படி அங்கே இருந்தவை இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள். அந்த நிழலில் உட்கார்ந்து தியானம் செய்தபோது மனம் ஒட்டிவிட்டது. பிறகு அவர் வைத்த மாந்தோப்பும் சால மரச் சாலையும் மெல்ல வளர்ந்தன. நிலம் அதே செம்புறாங்கல்தான். பொறுமையாக நட்டால் மரம் வரும் என்பதற்கு அந்தத் தோப்பே சாட்சி.

ஜமீன்தார் பார்த்த கிராமம்

1890 வாக்கில் குடும்பத்து நிலங்களை நிர்வகிக்கும் பொறுப்பு தாகூரிடம் வந்தது. ஷிலைதஹ், ஷாஜாத்பூர், பதிசர் மூன்றும் இன்று வங்கதேசத்தில் இருக்கின்றன. பத்மா ஆற்றில் படகு வீட்டில் வாழ்ந்தபடி குத்தகை விவசாயிகளை நேரில் பார்த்தார். விளைச்சல் இருந்தும் கடன், மழை இருந்தும் காய்ச்சல். இன்னொன்றையும் கவனித்தார், அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. கிராமத்தில் எவன் இரண்டெழுத்து படிக்கிறானோ அவன் கிராமத்தை விட்டுப் போகிறான். பள்ளிக்கூடம் என்பது நிலத்திலிருந்து பிள்ளையைப் பிரித்து எடுக்கும் கருவியாகிவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் சும்மா எழுதிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. ஷிலைதஹில் உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தார். யோசனை சொன்னவர் நாடக ஆசிரியர் த்விஜேந்திரலால் ராய், இங்கிலாந்தில் வேளாண்மை படித்துவிட்டு வந்தவர். இரண்டு கவிஞர்கள் சேர்ந்து போட்ட உருளைக்கிழங்கு எதிர்பார்த்தபடி விளையவில்லை. தாகூர் இதைச் சொல்லித் தன்னையே கேலி செய்துகொள்வார். 1905இல் பதிசரில் விவசாயிகளுக்காக ஒரு வங்கி ஆரம்பித்தார். வட்டிக்காரர்களிடமிருந்து அவர்களை மீட்பதற்காக நண்பர்களிடம் கடன் வாங்கித் தொடங்கியது அது. 1913இல் நோபல் பரிசு கிடைத்தபோது வந்த ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை அந்த வங்கியில்தான் போட்டார். முதல் விவசாயிக்கு, வட்டி பள்ளிக்கு என்பது ஏற்பாடு. 1930களில் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தபின் கொடுத்த கடன் திரும்பி வராமல் வங்கி நொடித்தது, பரிசுப் பணமும் அதோடு போயிற்று.

1906இல் மூத்த மகன் ரதீந்திரநாத்தையும், நண்பரின் மகன் சந்தோஷ் மஜும்தாரையும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு விவசாயம் படிக்க அனுப்பினார். வசதியுள்ள வங்காளிகள் பிள்ளைகளைப் பாரிஸ்டர் ஆக்கவும் ஐ.சி.எஸ். ஆக்கவும் கப்பல் ஏற்றிய காலம் அது. திரும்பி வந்த ரதீந்திரநாத் ஷிலைதஹில் பண்ணை போட்டார். மக்காச்சோளம், குதிரைமசால் விதைகளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். மண் பரிசோதனைக்குச் சிறிய ஆய்வகமும் வைத்தார். 1910ஐ ஒட்டி ஒரு வங்காளக் கிராமத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்குப் புரியும்.

மரத்தடி வகுப்பு

பள்ளி தொடங்கியது 1901 டிசம்பர் 22. மாணவர்கள் ஐந்து பேர், அதில் சொந்த மகனும் ஒருவன். தொடக்கத்தில் கட்டணம் கிடையாது. செலவுக்கு மனைவி மிருணாளினி நகைகளை விற்றுக் கொடுத்தார். பூரியில் இருந்த வீட்டையும் தாகூர் விற்றார். அடுத்த ஆண்டே மிருணாளினி இறந்தார். 1903இல் ஒரு மகள், 1905இல் தந்தை, 1907இல் கடைசி மகன் ஷமீந்திரநாத். காலரா அவனைக் கொண்டுபோனபோது வயது பதினொன்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் அந்தச் சிறுவன் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு பருவமாக வேடமிட்டு, பள்ளியில் ஒரு விழா நடத்தினான். வசந்தம், மழை, இலையுதிர் காலம் என்று பருவத்துக்கொரு விழா சாந்திநிகேதனில் நிலைபெற்றதற்கு அது முன்னோடி.

இனி பள்ளி வளாகத்துக்கு வருவோம். ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு சிறிய பாய் இருக்கும். மணி அடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஆசிரியர் இருக்கும் மரத்துக்குப் போக வேண்டும். கணக்குக்கு மாந்தோப்பு, வங்காளத்துக்குச் சால மரச் சாலை, இன்னொன்றுக்கு மகிழ மரத்தடி. இரண்டு பாடங்களுக்கு நடுவில் பிள்ளை வெயிலில் நடக்கிறான், காற்றின் திசை மாறியதைப் பார்க்கிறான், மாம்பூ கொட்டியிருப்பதை மிதித்துக்கொண்டு போகிறான். இந்த நடை அந்தப் பள்ளியில் கணக்கில் எழுதப்படாத ஒரு பாடவேளை.

தொடக்க காலத்தில் செருப்புக்கும் குடைக்கும் அனுமதி இல்லை. பிள்ளைகளைத் துன்புறுத்துவதாகச் சிலர் குறை சொன்னார்கள். தாகூரின் வாதம் வேறு. காலால் மண்ணைத் தொடாத பிள்ளைக்கு மண் ஒருபோதும் பழகாது என்றார். நம் விவசாயிகள் இதை மறுக்க மாட்டார்கள். ஈரப்பதம் உழவுக்கு வந்துவிட்டதா என்பதைக் கருவி இல்லாமல் பாதத்தால் சொல்கிறவர்கள் நீங்கள். முள்ளும் கண்ணாடிச் சில்லும் உள்ள இன்றைய வளாகத்தில் அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் வளாகம் முழுக்க சிமென்ட் கல் பதித்துவிட்டு மண்வளம் பற்றிப் பாடம் நடத்துவது வீண்வேலை.

மழை வந்தால் வகுப்பு கலையும். பையன்கள் நனைந்துகொண்டு ஓடுவார்கள். ஆசிரியர்களும் சில நேரம் கூடவே ஓடுவார்கள். கோவாய்ப் பள்ளங்களில் செந்நீர் புரண்டு வருவதைப் பார்த்த பிள்ளைக்கு மண் அரிப்பு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒருமுறை கண்டிப்புக்குப் பேர்போன தலைமை ஆசிரியர் ஒருவர் அங்கே வந்தார். ஒரு மாணவன் மரத்தின் கிளைக் கவட்டில் ஏறி உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். தாகூர் அவனுக்காகப் பரிந்து பேச வேண்டியிருந்தது. மரத்தில் ஏறத் தெரிவதும் ஒரு படிப்பு என்பது அவர் கருத்து.

நிழலில் உட்கார்ந்தால் மட்டும் இயற்கை புரிந்துவிடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஏற்ற ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார். ஜகதானந்த ராய் ஜமீன் கச்சேரியில் வேலை பார்த்தவர். அவருடைய அறிவியல் ஆர்வத்தைக் கண்டு பள்ளிக்கு அழைத்து வந்தார். இரவில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுவார். பூச்சி, பறவை, செடி பற்றி எளிய வங்காளத்தில் புத்தகங்கள் எழுதினார். தேஜேஷ்சந்திர சென் என்ற இன்னொருவர் மரப் பைத்தியம். அவருக்கு வீடு கட்டும்போது நடுவில் ஒரு பனைமரம் நின்றது. பனையை வெட்டவில்லை, அதைச் சுற்றி வட்டமாக மண் வீடு எழுப்பினார்கள். கூரையைப் பிளந்துகொண்டு பனை மேலே நிற்கும் அந்த வீடு இன்றும் சாந்திநிகேதனில் தாலத்வஜம் என்ற பெயரில் இருக்கிறது. பெரிய மரம் குறுக்கே நிற்கிறது என்று பள்ளிக் கட்டட வேலைக்காக வெட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பனை நினைவுக்கு வரும்.

அரசாங்கத்துக்கு இந்தப் பள்ளி பிடிக்கவில்லை. 1911 வாக்கில் கிழக்கு வங்க அரசு, தன் ஊழியர்கள் பிள்ளைகளை அங்கே சேர்க்க வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. பலர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1915இல் அங்கே வந்த காந்தியடிகளோ வேறொரு குறையைக் கண்டார். சமையலுக்கும் துப்புரவுக்கும் வேலையாட்கள் எதற்கு, பிள்ளைகளே செய்யட்டும் என்றார். மார்ச் 10இல் அந்தச் சோதனை தொடங்கியது. நாள்தோறும் தொடர முடியவில்லை. என்றாலும் ஆண்டுக்கு ஒரு நாள், அதே தேதியில், பணியாளர்களுக்கு ஓய்வு கொடுத்து மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்கள் வேலையைச் செய்யும் வழக்கம் நிலைத்தது.

சூருலில் குழி வெட்டிய மாணவர்கள்

உண்மையில் தாகூரின் மனக்குறையும் காந்தியின் குறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சாந்திநிகேதனுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். பெற்றோர் பரீட்சையைக் கேட்டார்கள். சுற்றியுள்ள கிராமத்துக் குடியானவர் பிள்ளைகளும் சந்தால் பழங்குடிப் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்றார்கள். மரத்தடி அழகாக இருந்தது. கிராமம் அப்படியே இருந்தது.

சாந்திநிகேதனுக்கு அருகில் சூருல் என்ற ஊரில் ஒரு பழைய பங்களாவையும் நிலத்தையும் 1912இல் வாங்கியிருந்தார். ரதீந்திரநாத் அங்கே பண்ணை வைக்க முயன்றபோது மலேரியா விரட்டிவிட்டது. அந்த இடத்துக்கு 1922 பிப்ரவரி 6 அன்று லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் சில மாணவர்களோடு போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். தாகூர் அவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருந்தார். டொரோத்தி ஸ்ட்ரெய்ட் என்ற அமெரிக்கச் சீமாட்டி பண உதவி செய்தார். பின்னாளில் எல்ம்ஹர்ஸ்ட் அவரையே மணந்தார். சூருலில் எழுந்த அந்த நிலையத்துக்கு ஸ்ரீநிகேதன் என்று பெயர் வந்தது.

எல்ம்ஹர்ஸ்ட் கொடுத்த முதல் பாடம் உழவும் இல்லை, விதையும் இல்லை. மாணவர்களைக் கொண்டு கழிப்பறை வாளிகளைச் சுமக்கவைத்துத் தோட்டத்தில் நீளக் குழி வெட்டி மலத்தைப் புதைத்து மண் மூடச் செய்தார். உயர்சாதிப் பிள்ளைகள் முதலில் திணறினார்கள். அவரே வாளியைத் தூக்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். குழிகள் மக்கியபின் அதன்மேல் காய்கறி போட்டார்கள். அந்த ஆண்டே கல்கத்தாவில் மண்ணைக் கொள்ளையடிப்பது பற்றி எல்ம்ஹர்ஸ்ட் ஒரு சொற்பொழிவு ஆற்றினார், தாகூர் தலைமை வகித்தார். தானியமும் காய்கறியும் வண்டி வண்டியாக நகரத்துக்குப் போகின்றன. சத்து எதுவும் வயலுக்குத் திரும்பி வருவதில்லை. இந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது அதன் சாரம். உரமூட்டை இல்லாத காலத்தில் கேட்ட கேள்வி. உரமூட்டை வந்தபிறகும் நுண்சத்துக்கும் கரிமச் சத்துக்கும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. மண்வள அட்டையில் கரிமச் சத்து குறைவு என்று வருகிறதல்லவா, அதே கணக்குதான்.

சுற்று ஊர்களின் நோயைப் பற்றி எல்ம்ஹர்ஸ்ட் சொன்ன பட்டியல் மூன்றே வரி: குரங்கு, மலேரியா, ஒருவர்மேல் ஒருவருக்கு இல்லாத நம்பிக்கை. கிராமத்துப் பையன்களைத் திரட்டி விரதி பாலகர் என்ற சாரணர் படை அமைத்தார்கள். குட்டைகளில் மண்ணெண்ணெய் தெளிப்பது, கொய்னா வழங்குவது, தீப்பிடித்தால் அணைப்பது, வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுவது எல்லாம் அவர்கள் வேலை. பெரியவர்கள் காது கொடுக்காத செய்தியைப் பையன்கள் வழியே வீட்டுக்குள் கொண்டுபோகும் உத்தி இது. விரிவாக்க அலுவலர்கள் இன்றும் கையாளத் தகுந்தது.

ஆளுக்கொரு பாத்தி

1924இல் தாகூர் இரண்டாவது பள்ளியைத் தொடங்கினார். பெயர் சிக்ஷா சத்ரா. விரல்விட்டு எண்ணும் அளவு ஏழைக் கிராமத்துப் பையன்கள். பொறுப்பு, இல்லினாயில் படித்து வந்த சந்தோஷ் மஜும்தாரிடம். பரீட்சைக்குத் தயார் செய்வது நோக்கமில்லை. 1926இல் மஜும்தார் இளம் வயதிலேயே இறந்துபோனார். அடுத்த ஆண்டு பள்ளி ஸ்ரீநிகேதனுக்கு இடம் மாறியது.

சாந்திநிகேதன் வளாகத்தைவிட இந்தச் சின்னப் பள்ளியின் அமைப்பே நமக்கு அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு. இங்கே ஒவ்வொரு பையனுக்கும் சொந்தமாக ஒரு பாத்தி. என்ன போடுவது, எப்போது போடுவது, விளைந்ததை என்ன செய்வது என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். செலவு, வரவு எழுத வேண்டும். கணக்குப் பாடம் அங்கிருந்து வருகிறது. பூச்சி விழுந்தால் அறிவியல் பாடம் வருகிறது. சமைப்பது, அறையைச் சுத்தம் செய்வது, நெய்வது, கோழி வளர்ப்பது எல்லாமே பாடவேளை. எல்லோருக்கும் பொதுவான தோட்டத்தில் வாடிய செடி யாருடையதும் இல்லை. சொந்தப் பாத்தியில் வாடிய செடிக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதற்குப் பொறுப்பாளி தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். பள்ளித் தோட்டங்கள் திறப்பு விழா முடிந்த மூன்றாம் மாதம் ஏன் காய்கின்றன என்று யோசிக்கும் ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கலாம்.

பாத்தி சிறிதாக இருந்ததும் முக்கியம். செம்புறாங்கல் மண்ணில் ஓர் ஏக்கரை வளமாக்குவது பெரிய செலவு. பையன் கை எட்டும் அளவுக்குள் என்றால் மக்கு எருவும் சருகும் சாம்பலும் சேர்த்து, இரண்டு மூன்று பருவத்தில் மண்ணை மாற்றிக் காட்ட முடியும். சாம்பல் புளிப்பைக் குறைக்கும். மக்கு, இரும்பிடம் சிக்கிய மணிச்சத்தைக் கொஞ்சம் விடுவிக்கும். சருகு மூடாக்கு போட்டால் மழைத்துளி நேராக மண்ணில் அறையாது. நிலம் தேறும் என்பதைப் பதினைந்து வயதுக்குள் தன் கையால் பார்த்த பையன், பிறகு தரிசைப் பார்த்து ஒதுங்க மாட்டான்.

இந்த வழியில் ஒரு தமிழரின் பெயரும் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம் சாந்திநிகேதனில் பணியாற்றியவர், தாகூரின் செயலாளராகவும் இருந்தவர். பின்னர் மனைவி ஆஷாதேவியுடன் காந்தியின் வார்தாவுக்குப் போனார். 1937இல் காந்தி ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு இவர்கள் தோளில் விழுந்தது. நம் ஊர் ஆதாரப் பள்ளிகளில் தக்களி சுற்றியும் தோட்டம் கொத்தியும் படித்த பெரியவர்களை விசாரித்தால் அதன் கதை கிடைக்கும்.

சிக்ஷா சத்ரா பெரிதாக வளரவில்லை. காலப்போக்கில் அதுவும் மற்றப் பள்ளிகளின் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. பரீட்சையின் இழுப்பு அவ்வளவு வலுவானது. கிராமத்துப் பெற்றோருக்கும் பிள்ளை உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. நிலம் அவர்களுக்குக் கொடுத்தது கடனைத்தான். விளைபொருளுக்கு விலை கிடைக்காத இடத்தில் பள்ளித் தோட்டம் மட்டும் பிள்ளையை நிலத்தில் நிறுத்திவிடாது. தாகூர் வங்கியும் கூட்டுறவும் பள்ளியும் ஒன்றாகவே வேண்டும் என்று நின்றது இதனால்தான்.

நாற்றுக்குப் பல்லக்கு

1928 ஜூலை 14 அன்று சாந்திநிகேதனில் ஒரு புது விழா நடந்தது. ஒரு மகிழங் கன்றை அலங்கரித்துச் சங்கு முழங்க ஊர்வலமாகத் தூக்கி வந்தார்கள். பாட்டும் நடனமும் முன்னே போயின. நிலம், நீர், தீ, காற்று, வான் என்று ஐந்து பிள்ளைகள் வேடமிட்டு நின்று கன்றை வாழ்த்தினார்கள். தாகூர் அதற்கென்றே பாடல்கள் எழுதியிருந்தார். விருக்ஷரோபணம் என்று பெயர். அரசாங்கம் வனமகோத்சவம் தொடங்கியது 1950இல், அதற்கு 22 ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. அதே ஆண்டில் ஸ்ரீநிகேதனில் காளைகளை அலங்கரித்து ஏர் பூட்டும் விழாவும் தொடங்கியது. நந்தலால் போஸ் அதை அங்கே சுவரோவியமாகத் தீட்டினார். ஏர் பிடிப்பதைத் தாழ்வாக நினைத்த படித்த வர்க்கத்துக்கு முன்னால், சாஸ்திரம் ஓதி, கோலமிட்டு, ஏரை நடுவில் கொண்டுவந்து வைத்தது சாதாரணச் செய்கை அன்று.

கோவாய் நிலத்தில் பின்னாளில் வனத்துறையினர் பெருமளவில் வைத்தது சோனாஜுரி என்று அங்கே சொல்லப்படும் ஆஸ்திரேலிய அக்கேசியா. மண்ணை உடனே பிடித்து நிறுத்த அது உதவியது, உண்மை. ஆனால் மா, நெல்லி, மகிழம், சால், ஏழிலைப்பாலை, பனை என்று கலந்து நின்ற பழைய வளாகத்தில் மாதத்துக்கு ஒரு மரம் பூக்கும் அல்லது காய்க்கும் அல்லது இலை உதிர்க்கும். ஆசிரியருக்கு ஆண்டு முழுவதும் கையில் ஒரு பாடம் இருக்கும். பள்ளி வளாகத்துக்கு மரம் தேர்வு செய்கிறவர்கள் எது வேகமாக வளரும் என்று கேட்பதோடு, எந்த மாதத்தில் எது மாறும் என்றும் ஒரு நாட்காட்டி போட்டுப் பார்ப்பது நல்லது.

எழுபது வயதைக் கடந்தபின்பும் அவர் சோதனையை விடவில்லை. 1935இல் தனக்காக ஷியாமலி என்ற மண் வீட்டைக் கட்டவைத்தார். சுவர் மட்டுமல்ல, கூரையும் மண். ஓலைக் குடிசைகள் கோடையில் தீப்பிடித்து எரிவதைப் பார்த்து, ஏழைகளுக்குத் தீப்பிடிக்காத கூரை சாத்தியமா என்று தன் வீட்டிலேயே பரிசோதித்தார்.

1941 ஆகஸ்ட் 7, வங்காள நாட்காட்டியில் சிராவண மாதம் 22ஆம் நாள், பிறந்த அதே ஜோராசாங்கோ வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. அந்த நாளில் சாந்திநிகேதன் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு கன்றைப் பல்லக்கில் தூக்கி வந்து நடுகிறார்கள். மறுநாள் ஸ்ரீநிகேதனில் ஏர் பூட்டுகிறார்கள்.